வரிக்கு முப்பத்தேழு எழுத்து

பங்சாரில் மூன்றாம் மாடி அறை.
ஏர்கோன் சொட்டும் இடத்தில்
மைலோ டின் வைத்திருக்கிறோம்.
தமிழ்ப் படங்களுக்கு மலாய் எழுத்துப் போடுவது
என் வேலை.
ஒரு தடவைக்கு இரண்டு வரி,
வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
இடைவெளியும் எழுத்துதான் என்பார் முதலாளி.
ஆனால் சம்பளம் சொற்களுக்கு மட்டும்.

இந்த வாரப் படத்தில்
ஒரே பள்ளியில் படித்த இரண்டு பேர்.
ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்தான்,
மற்றவன் மலையேறித் துப்பாக்கி எடுத்தான்.
நடுவில் பனி, ஒரு பாலம்.
பாலம் என்று ஒன்று வந்துவிட்டால்
கடைசியில் அது வெடிக்கும்
என்பது செந்தூலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
வெடிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்,
கைக்குக் கொஞ்சம் ஓய்வு.

நூற்றுப் பதினாறாவது நிமிடம்,
குறிவைத்த துப்பாக்கியோடு
பட்டாளத்துக்காரன் முதல்முறையாக
'மச்சான்' என்கிறான்.
அங்கே நின்றுவிட்டேன்.

கவான் என்றால்
பஸ் ஸ்டாப்பில் தலையாட்டுபவனும் கவான்.
சஹாபாட் என்றால்
மேடையில் மாலை போடுவது மாதிரி.
அகராதிப்படி ஈப்பார் என்று போட்டால்
பாலத்து நடுவில் இரண்டு பேரும்
கல்யாணச் செலவு பேசுவதாகிவிடும்.

என்னை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான்.
தனபாலன்.
ரயில்வே குவார்ட்டர்சில் எதிர்வீடு.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள்.
போலீசுக்கு அவன் எழுதிப்போட்ட பாரத்தை
நான்தான் நிரப்பினேன்.
அவன் மலாய், கோழி கிளறிய மண்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை.
எந்த ஞாயிறு என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.
பசியாறாமல் போயிருந்தேன்.
எதிரே கேடயங்கள்,
தலைக்கவசத்துக்குள் எல்லாரும் ஒரே ஆள்.
ஒருவன் மட்டும்
இடது தோளைச் சற்று இறக்கி நின்றான்.
சைக்கிளிலிருந்து நான் தள்ளிவிட்டு
உடைந்த தோள்.

தண்ணீரைப் பீய்ச்சினார்கள்.
நீலமா மஞ்சளா,
கண் எரிந்தபின் நிறம் ஏது.
மச்சான் என்று கத்தினேனா,
கத்த நினைத்தேனா?
அவன் திரும்பவில்லை.
திரும்பக் கூடாதென்று சொல்லியிருப்பார்கள்.
இப்படி நினைத்துக்கொள்ளப் பல வருடம் பிடித்தது.
அதற்குள் அவன் கல்யாணப் பத்திரிகையைக்
கிழித்துப் போட்டிருந்தேன்.

படத்தில் இதெல்லாம் சுலபம்.
மலைக்காரன் நெஞ்சைக் காட்டுகிறான்,
மற்றவன் அழுதுகொண்டே சுடுகிறான்,
மிச்சத்தை வயலின்கள் பார்த்துக்கொள்கின்றன.
எங்களில் யாரும் சாகவில்லை.
ஒரே எல்ஆர்டி தடத்தில்
வேறு வேறு பெட்டியில் வேலைக்குப் போய்வந்தோம்.

தணிக்கையில் நான்கு நிமிடம் போனது.
கொடி எரிவது, ஒரு வசவு,
மலைக்காரன் தன் பக்கத்து நியாயம் பேசும் இடம்.
இப்போது அவன் எதற்காகச் சுடுகிறான் என்பது
எவருக்கும் விளங்காது.
"சண்டைப் படம்தானே" என்றார் முதலாளி.

வியாழன், ஏழு மணிக் காட்சி.
இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண்பிள்ளை,
பத்து வயதிருக்கும்,
மடியில் பாப்கார்ன்,
என் எழுத்துகளை
உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் அவள் அப்பா.
இடது தோள்.

பாலம் வந்தது.
மச்சான் என்றான் பட்டாளத்துக்காரன்.
திரையின் கீழே ஒன்றுமில்லை.
முப்பத்தேழும் இடைவெளியாக விட்டிருந்தேன்.

"பா, அவன் என்ன சொன்னான்?"
அரங்கத்துக்கே கேட்கக் கேட்டாள் பிள்ளை.

தனபாலன் உடனே பேசவில்லை.
பாலம் வெடித்தது.
அந்தச் சத்தத்துக்குள் குனிந்து
அவள் காதில் ஏதோ சொன்னான்.
கொஞ்சம் நீளமாகவே சொன்னான்.
முப்பத்தேழுக்குள் அடங்கியிருக்காது.

விளக்குப் போடுமுன் எழுந்து வந்துவிட்டேன்.
கார் நிறுத்துமிடத்தில்
என் அட்டையை இரண்டு முறை துப்பிவிட்டு
மூன்றாவது முறை வாங்கிக்கொண்டது இயந்திரம்.
ஆறு ரிங்கிட்.
தடை தூக்கியது.
பின்னாலிருந்தவன் ஹாரன் அடிக்கும்வரை
வண்டியை எடுக்கவில்லை.